முன்னூறு இலைக்கு ஒரு பதில்

தப்பு நடந்தபோது மணி பகல் இரண்டே முக்கால். காந்தி மார்க்கெட் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். பரக்கத் அலியின் வாழை இலைக் கடையில் மிச்சக் கட்டுகளின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, அவருடைய மகன் கலீம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தான். பக்கத்தில் கிடந்த கடை போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. போன் தானே பதிலும் சொல்லிக்கொண்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் கலீமின் அக்கா ஸஹ்ரா பதில் சொல்லும் ஒரு நிரலை எழுதிப் போனில் போட்டிருந்தாள்; கடையில் அதற்கு 'மெஷின்' என்று பெயர்.

பதில் போய்ச் சேர்ந்தது ஸ்ரீரங்கம், தெற்கு உத்தர வீதி, அழகிரியின் வீட்டுக்கு. அழகிரி சமையல் கான்ட்ராக்டர். கல்யாணமோ காரியமோ, அந்த வட்டாரத்தில் ஐந்நூறு பேருக்குப் பந்தி போட வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தைந்து வருடமாக அவருக்கு இலை பரக்கத் அலி கடையிலிருந்துதான். ஆனால் அன்றைக்கு அவர் கேட்ட இலை யார் வீட்டுக்கோ இல்லை. அவருடைய சொந்த அக்கா ரங்கநாயகி இறந்து அன்று பதினாலாவது நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு நானூறு இலை என்று முன்பே இரண்டு செய்தியில் சொல்லியிருந்தார். உறவுக்காரர்கள் வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஐம்பது சேர்த்துக்கோங்க, தலைவாழையாவே இருக்கட்டும்" என்று ஒரு வரி அனுப்பினார். பதில் வந்ததும் மருமகள் அதை ஸ்பீக்கரில் போட்டாள். கூடம் நிறைய ஆட்கள்.

"ஐம்பது தலைவாழை இலை சேர்க்கப்பட்டது. உங்கள் இல்ல விசேஷம் சிறக்க வாழ்த்துகள். மீண்டும் வருக!"

சாவு வீட்டுக்குப் போகிறவர்களை வீட்டுக்காரர்கள் 'வாங்க' என்பதில்லை. கிளம்புகிறவர்களும் 'போயிட்டு வரேன்' என்பதில்லை. பேச்சில்லாமல் எழுந்து போவதுதான் மரியாதை. அப்படிப்பட்ட கூடத்தின் நடுவில் ஒரு போன் கணீரென்று 'மீண்டும் வருக' என்றது. அடுத்த சாவுக்கும் நம்ம கடைக்கே வாங்க என்று அழைத்த மாதிரி.

அழகிரி போன் போட்டுத் திட்டியிருந்தால் தேவலை. அவர் அதைச் செய்யவில்லை. சாயங்காலம் மார்க்கெட்டுக்கு வந்தார். பரக்கத் அலியின் கடையைத் தாண்டி நடந்தார். நாலு கடை தள்ளி நானூற்றைம்பது இலை சொன்னார். அதே வழியாக, அதே வாசலைத் தாண்டித் திரும்பிப் போனார். கலீம் எழுந்து நின்று "மாமா" என்றான். அவர் நடை மாறவில்லை.

அன்று மாலை கடைக்கு வந்த ஸஹ்ராவிடம் பரக்கத் அலி போனை நீட்டினார். "கேளு" என்றார். அவள் கேட்டாள். இரண்டாம் தடவையும் கேட்டாள்.

"வாழ்த்துகள்னு இதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான் அத்தா. ஒரு மரியாதைக்குன்னு சேர்த்தேன்."

"மரியாதை." பரக்கத் அலி அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். அறுபத்தெட்டு வயதில் அவர் குரலை உயர்த்துவதை நிறுத்தியிருந்தார். அதனாலேயே பயமாக இருக்கும். "நானும் கலீமும் மாலை எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்குப் போய் நின்னவங்க. ரெண்டு வாரம் ஆகலை. கடை போன் வாழ்த்து சொல்லுது. அவரு என்ன நினைப்பாரு?"

ஸஹ்ரா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மெஷின் இனிமே பேசக் கூடாது. காதால கேட்டுக்கட்டும், வாயைத் திறக்கக் கூடாது. அழகிரி இந்த வாசல்ல வந்து நிக்கட்டும். அன்னிக்கு ஓட்டிக்க. வரலைன்னா அதைத் தூக்கிக் காவேரியில போட்டுடு."

ஸஹ்ராவுக்கு முப்பத்தேழு வயது. எம்.சி.ஏ. முடித்துப் பெங்களூரில் பத்து வருடம் பஸ் டிக்கெட் பதிவு செய்கிற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தாள். கணவன் உஸாமா தோஹாவுக்குப் போனபோது அவள் பீமநகரில் அத்தா வீட்டுக்கே திரும்பினாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு கல்லூரியில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். தலைப்பைக் கேட்டால் சொந்தக்காரர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். 'ஃபங்ஷனல் புரோகிராமிங்' என்கிற நிரலெழுதும் முறையில் மோனாட் என்று ஓர் அமைப்பு உண்டு. மனிதர்கள் தொடர்ந்து பேசும்போது ஒரு வாக்கியத்தின் பொருள் அடுத்த வாக்கியத்துக்குள் எப்படிப் போகிறது என்பதை அந்த அமைப்பால் விளக்க முடியுமா? இதுதான் கேள்வி.

இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் ஏனோ ஒரு விவசாயியும் ஒரு கழுதையும் திரும்பத் திரும்ப வருவார்கள். விவசாயி கழுதையை வைத்திருப்பான், பிறகு அதை அடிப்பான். பொருள் எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிஞர்கள் ஐம்பது அறுபது வருடமாக அதை வைத்தே சண்டை போடுகிறார்கள். ஒருநாள் அவளுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கலீம், "ஏங்க்கா, அந்தாளு ஏன் கழுதையைப் போட்டு அடிச்சுக்கிட்டே இருக்கான்? நம்ம தொட்டியத்துப் பக்கம் இவ்வளவு விவசாயி இருக்காங்களே, யாருகிட்டயாவது கழுதை இருக்கா?" என்றான்.

அந்தக் கிண்டலில்தான் வேலை தொடங்கியது. கழுதை வேண்டாம், இலையை வைத்துப் பார்ப்போம் என்று ஸஹ்ரா முடிவு செய்தாள். முகூர்த்த மாதங்களில் கடை போனுக்கு ஒரு நாளில் நூறு குரல் செய்திக்கு மேல் வரும். கலீமின் கை எப்போதும் ஈரம். தொட்டியத்திலிருந்து வண்டி வந்து கட்டு இறக்குகிற நேரத்தில் போனைத் தொடவே முடியாது. பதில் வராத வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே செய்தியைக் கேட்டு, எத்தனை இலை, எந்தத் தேதி, எந்த வீடு என்று பிரித்துக் குறித்துக்கொண்டு, குரலிலேயே பதில் சொல்லும் ஒரு மெஷின். நாலு மாதம் நன்றாகவே ஓடியது. இந்த வருடத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதில் போட அவளிடம் இருந்த உயிருள்ள சான்று இந்தக் கடை போன் ஒன்றுதான்.

ஆனால் அன்று மாலை அவளை உறுத்தியது ஆய்வேடு இல்லை. அவசரத்தில் அவள் செய்த ஒரு குறுக்கு வழி. மோனாட் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள், கடைக்கு எழுதிய நிரலில் அதைப் போடவில்லை. ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாக எடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டாள். என்ன காரியம் என்று செய்தியில் இல்லாவிட்டால் 'விசேஷம்' என்று வைத்துக்கொள்ளவும் சொல்லியிருந்தாள். பத்துக்கு ஒன்பது விசேஷமாகத்தானே இருக்கும் என்று கணக்கு.

மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினாள். கலீமிடம் மட்டும் சொன்னாள். "அடிச்சாலும் வாங்கிக்கக்கா" என்று அவன் வழியனுப்பினான்.

அழகிரியின் வீட்டில் யாரும் அவளை 'வா' என்று சொல்லவில்லை; சொல்லாதது சரிதான். கூடத்தில் ரங்கநாயகி அக்காவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். அழகிரி மறுநாள் சமையலுக்கு வந்த காய்கறி மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அவளைப் பார்க்காமலே பேசினார்.

"உங்க அத்தா அனுப்பினாரா?"

"இல்ல மாமா. அந்த மெஷினை எழுதினது நான். அதான் நானே வந்தேன்."

"நீயா?" இப்போது நிமிர்ந்து பார்த்தார். "நான் முதல் செய்தியிலயே சொன்னேனேம்மா. பெரியக்கா பெருமாள் திருவடி சேர்ந்துட்டாங்க, பதினாறாம் நாளுக்கு இலை வேணும்னு. அது எங்க போச்சு?"

"எங்கயும் போகலை மாமா. இருந்துச்சு. அடுத்த செய்தியைக் கேட்கும்போது அதைக் கையில கொடுத்து அனுப்பலை. ஒவ்வொண்ணையும் புதுசா யாரோ பேசுற மாதிரி கேட்டுச்சு. அப்படி எழுதினது நான்தான்."

"மெஷின்னா மறக்காதும்பாங்க."

"மறக்கலை. சேர்க்கத் தெரியலை."

அழகிரி ஒரு சேனைக்கிழங்கைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு தடவை பேசினேன். மூணு தடவையும் அழகிரிதான். ஒரே அக்காதான். அது உனக்கு மூணு பேரு." கிழங்கை மூட்டைக்குள் போட்டார். "வேற கடைக்காரன் வாழ்த்து சொல்லியிருந்தா, போடா பைத்தியக்காரான்னு விட்டிருப்பேன். உங்க கடை."

மன்னிப்பு என்ற சொல்லை ஸஹ்ரா பஸ்ஸில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். இங்கே அது அவருக்காக இல்லாமல் தனக்காகக் கேட்கிற மாதிரி இருக்கும் என்று பட்டது. இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். படத்தைப் பார்த்தாள். எழுந்தாள். வாய் பழக்கத்தில் 'வரேன் மாமா' என்று வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். ஒரு சொல்லும் இல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அழகிரியின் கைகள் மூட்டையைப் பிரிக்கும் சத்தம் ஒரு கணம் நின்றிருந்தது போலிருந்தது.

திரும்பி வந்ததும் வேலையைத் தொடங்கினாள். பகலில் கடைக்குப் பின்னால், கட்டு அடுக்கும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் லேப்டாப்பும். கலீம் அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பான்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லேன். அந்த மோனாட்டு என்ன பண்ணும்?"

ஸஹ்ரா ஓர் இலைக்கட்டைக் காட்டினாள். "இது தொட்டியத்துல கிளம்பும்போது ஒரு சீட்டு கட்டி அனுப்புறாங்கல்ல? யாரு தோட்டம், எந்தக் கடைக்குன்னு. வண்டிக்காரர் கட்டை இறக்கிட்டுச் சீட்டைப் பிச்சுப் போட்டுட்டா?"

"அது அனாதைக் கட்டு. யாரு தலையிலயாவது கட்டிடுவாங்க."

"என் மெஷின் அதைத்தான் பண்ணிச்சு. மோனாட்னா கட்டும் சீட்டும் பிரியாத ஒரு பொட்டலம். யாரு கைக்குப் போனாலும் கட்டைப் பிரிக்கலாம், அடுக்கலாம், வேலை செய்யலாம். சீட்டு மட்டும் தானா அடுத்த கைக்குப் போயிடும். போகுதான்னு ஆள் நின்னு பார்க்க வேண்டியதில்லை. கைமாத்துற அந்த முறையிலயே அது இருக்கு."

"இவ்வளவுதானா? இதுக்கா அஞ்சு வருஷம் படிக்கிற?"

இவ்வளவுதான் இல்லை என்பது ஒரே வாரத்தில் தெரிந்தது. இப்போது மெஷின் பேசுவதில்லை. கேட்கும், என்ன பதில் சொல்லியிருக்கும் என்று எழுதி மட்டும் வைக்கும். போன வருடத்துச் செய்திகளையும் ஸஹ்ரா அதனிடம் கொடுத்துப் பார்த்தாள். அழகிரி ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கு இலை சொன்ன ஒரு நாள் அதில் இருந்தது. ஒரு வீட்டில் வளைகாப்பு, ஒரு வீட்டில் கருமாதி. இரண்டையும் ஒரே போனிலிருந்து மாற்றி மாற்றிப் பேசியிருந்தார். மெஷின் இப்போது எதையும் மறக்கவில்லை. கருமாதியை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு, வளைகாப்பு வீட்டுக்கு 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி வைத்திருந்தது.

கலீம் படித்துவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, இது மட்டும் போயிருந்துச்சு, நம்ம முதுகுல இலை வச்சுப் பந்தி போட்டிருப்பாங்க."

ஸஹ்ராவும் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே அவளுக்குப் பிடி கிடைத்தது. அவள் போட்டிருந்தவை இரண்டு அடுக்கு. ஒன்று, முன்னால் சொன்னதை நினைவில் வைப்பது. இரண்டு, சந்தேகம் வரும்போது ஒரே பொருளை முடிவு செய்யாமல் 'இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம்' என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருப்பது. இரண்டுக்கும் மோனாட் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கலாம். எதை உள்ளே வைக்கிறோம், எதை வெளியே வைக்கிறோம் என்பதில்தான் சங்கதி. எல்லா ஊகங்களுக்கும் சேர்த்து ஒரே நினைவு என்று அடுக்கியிருந்தாள். ஓர் ஊகத்தின் சேறு மற்றதில் ஒட்டிக்கொண்டது. அதை மாற்றி அடுக்கினாள். இப்போது ஒவ்வோர் ஊகமும் தன்னுடைய நினைவைத் தானே சுமந்தது. வளைகாப்பு என்று வைத்துக்கொண்டால் அதற்கு ஒரு கதை, கருமாதி என்றால் வேறொரு கதை. ஒன்றின் தெருவுக்குள் இன்னொன்று வராது. ஆய்வேட்டில் வெறும் குறியீடாக அவள் எழுதிப் போட்டிருந்த வேறுபாடு இது. அது ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று அவள் நினைத்ததில்லை.

கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது. செய்தியிலும் விடை இல்லை, பழைய பேச்சிலும் விடை இல்லை என்றால்? இரண்டு கதையும் உயிரோடு இருக்கும்போது மெஷின் எந்தப் பதிலைச் சொல்வது?

கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்க முடியாது. 'இலை எதுக்குங்க?' என்று பரக்கத் அலி கடை யாரையும் கேட்டதில்லை. சொல்ல விரும்புகிறவர் சொல்வார். நல்ல காரியத்துக்கு வந்தவரிடம் கேட்டால் பரவாயில்லை. சாவு வீட்டுக்காரர் வாயால் அதைச் சொல்ல வைப்பது பாவம் என்பது அங்கே பழக்கம்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ரோசரி போனில் நேராகச் சொன்னார். "எது அதிகமா நடக்குதோ அதை எடுத்துக்கோ ஸஹ்ரா. தொண்ணூறு பர்சன்ட் சரியா வரும். ஆய்வேட்டுக்கு அது போதும். நாள் ஓடிட்டிருக்கு."

"மேடம், அழகிரி மாமா மீதி பத்துல இருந்தார்."

மறுமுனையில் பேராசிரியர் பெருமூச்சு விட்டார். "அப்படின்னா வேற வழியை நீதான் கண்டுபிடிக்கணும்."

ஸஹ்ரா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மெஷின் வருவதற்கு முன்னால் கலீம் தன் வாயால் அனுப்பிய பதில்களைக் கேட்கத் தொடங்கினாள். இரண்டு வருடத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு கிடைத்தன. மூன்று நாள் பகல் பூராவும் கேட்டாள். பின்னணியில் வண்டியின் ஹாரன், கட்டு விழுகிற சத்தம், யாரையோ அவன் திட்டுவது. நூறைத் தாண்டியபோது ஒன்று பட்டது. வாடிக்கையாளர் தன் வாயால் கல்யாணம் என்று சொன்ன பேச்சில் மட்டும் கலீம் 'ரொம்ப சந்தோஷம்ங்க, நல்லா நடக்கட்டும்' என்கிறான். சாவு என்று சொன்னால் எண்ணிக்கையை மட்டும் தணிந்த குரலில் திருப்பிச் சொல்கிறான். எதுவும் சொல்லாவிட்டால் எல்லாருக்கும் ஒரே பதில். 'ஆகட்டுங்க. இத்தனை மணிக்கு வந்துடும்.' சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதைக் கல்யாண வீட்டில் கேட்டாலும் உறுத்தாது, சாவு வீட்டில் கேட்டாலும் உறுத்தாது. முன்னூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூடத் தவறவில்லை.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். "தெரியாதப்ப நீ ஏன்டா வாழ்த்து சொல்றதில்லை?"

"அப்படியா பண்றேன்?" கலீமுக்கு நிஜமாகவே தெரியவில்லை. "வேலை இருக்கும், டக்குனு சொல்லிட்டு வச்சிருப்பேன்."

"முன்னூறு தடவையுமா?"

"என்னைப் போயி உளவு பாக்குறியேக்கா. மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லணும், உங்க பொண்டாட்டிக்கு வேற வேலை இல்லைன்னு."

உண்மையான கதை எது என்று மெஷின் தேர்ந்தெடுக்கவே வேண்டாம் என்பது ஸஹ்ராவுக்கு அப்போது புரிந்தது. எல்லாக் கதைகளையும் கையில் வைத்துக்கொண்டு, அத்தனையிலும் ஒருவரையும் காயப்படுத்தாத பதிலைத் தேடினால் போதும். அப்படி ஒன்று கிடைத்தால் அதைச் சொல்லலாம். கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு கலீமைக் கூப்பிடலாம். நிரலில் அது பதினொரு வரி. எழுத அரை மணி நேரம் ஆனது.

ஆனால் மெஷினுக்கு வாய் திறக்க அனுமதி இல்லை. அழகிரி வரவில்லை. பதினாறாம் நாள் முடிந்து, ஒரு வாரம் போய், இன்னொரு வாரமும் போனது. அவர் மார்க்கெட்டுக்கு வருவதைப் பார்த்ததாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். இந்த வரிசைப் பக்கம் வரவில்லை. பரக்கத் அலி ஒன்றும் கேட்பதில்லை. மதியத் தொழுகைக்குப் போகும்போது அந்த நாலாவது கடையை ஒரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான்.

அடுத்து வந்த புதன்கிழமை, பதினோரு மணி. கலீம் வண்டியின் மேல் நின்று கட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கடை போனுக்குக் குரல் செய்தி வந்தது. ஸஹ்ரா எடுத்தாள்.

"நாளைக்குக் காலைல முன்னூறு இலை. தலைவாழை. தெற்கு உத்தர வீதிக்கு."

அழகிரியின் குரல். வணக்கம் இல்லை, பாய் இல்லை, என்ன காரியம் என்று இல்லை. அவர் வீட்டுக்கா? அதே தெருவில் வேறு வீட்டுக்கா? மாதக் காரியமா? ஒரு மாதம் ஆகிவிட்டதே. நிறுத்தி வைத்திருந்த கல்யாண வேலையை மறுபடி எடுத்துவிட்டாரா? லேப்டாப்பைத் திறந்தாள். மெஷின் மூன்று கதைகளைக் கையில் வைத்திருந்தது. ஒவ்வொன்றும் ரங்கநாயகி அக்காவைத் தன் நினைவில் வைத்திருந்தது. கீழே பதில் எழுதியிருந்தது.

'ஆகட்டுங்க. காலை அஞ்சு மணிக்கு முன்னூறு தலைவாழை தெற்கு உத்தர வீதிக்கு வந்துடும்.'

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அத்தாவிடம் போனாள். பரக்கத் அலி செய்தியைக் கேட்டார். பதிலை மூக்குக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"கலீம் சொன்னானா இதை?"

"இல்லத்தா. மெஷின். கலீம் இன்னும் வண்டியை விட்டு இறங்கலை. அவனையே பதில் சொல்லச் சொல்லவா?"

பரக்கத் அலி தாடியைத் தடவினார். வண்டியின் மேலிருந்து கலீம், "என்ன அங்க ரெண்டு பேரும் ஃபோட்டோக்கு நிக்கிறீங்க?" என்று கத்தினான். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அவன் சொன்னா அழகிரி நம்மகிட்ட வந்ததா ஆகும். உன்கிட்ட வந்ததா ஆகாது" என்றார். "இதையே அனுப்பு. ஆனா யாரு பேசுறதுன்னு அவருக்குத் தெரியணும். கலீம்னு நினைச்சுக்கிட்டு அவரு சமாதானம் ஆகக் கூடாது."

ஸஹ்ரா அனுப்பினாள். மெஷினின் குரல் போன பிறகு, தன் குரலில் ஒரு வரி சேர்த்தாள். "மாமா, இது மெஷின் சொன்னது. நான் ஸஹ்ரா. பார்த்துட்டுத்தான் அனுப்பினேன்."

இரண்டு நீல டிக் விழுந்தன. பதில் வரவில்லை. சாயங்காலம் வரை வரவில்லை. கலீம் இலையைத் தானே பொறுக்கி எடுத்தான். ஓரம் கிழிந்த ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. காலையில் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, "இலை போயிடுச்சு. வாங்கி வச்சது அவங்க மருமக. அவரைப் பார்க்கலை" என்றான்.

ஏழு மணிக்கு மார்க்கெட் உச்சத்தில் இருந்தது. சுமைக்காரர்கள் 'வழி வழி' என்று கத்திக்கொண்டு போனார்கள். அந்த நெரிசலுக்குள்ளிருந்து அழகிரி வெளியே வந்து வாசலில் நின்றார். வெள்ளை வேட்டியின் விளிம்பில் மார்க்கெட் சேறு தெறித்திருந்தது. கலீம் கையிலிருந்த கட்டை அப்படியே கீழே வைத்தான். 'வாங்க' என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் மூன்று பேரும் நின்றார்கள்.

"என்ன பாய், இலைக்கு இவ்வளவு தண்ணி தெளிச்சு அனுப்பியிருக்கீங்க. மருமக சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு" என்றார் அழகிரி.

"வெயில் அதிகமா இருக்கேன்னு கலீம் தெளிச்சிருப்பான்" என்றார் பரக்கத் அலி. மோடாவை அவர் பக்கம் நகர்த்தினார். அழகிரி உட்காரவில்லை. ஸஹ்ராவைப் பார்த்தார்.

"ஏம்மா. எதுக்கு இலைன்னு உன் மெஷின் கேட்கலையே?"

"நம்ம கடையில கேட்கிறதில்லையே மாமா."

"அதுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியலை. மூணு விதமா இருக்கலாம்னு வச்சிருந்துச்சு. எதுன்னு முடிவு பண்ணலை."

"மூணா?" அவர் புருவத்தைத் தூக்கினார். "என்னென்ன?"

ஸஹ்ரா வாய் திறந்தாள். முதல் ஊகம் அவருடைய அக்காவின் மாதக் காரியம் என்பது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள். "அது உங்களுக்குத்தான் தெரியும் மாமா."

அழகிரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஏதோ இளகியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. "அன்னிக்கு எங்க வீட்டுல வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டுப் போனே. பார்த்தேன்" என்றார். "உனக்குத் தெரிஞ்சது உன் மெஷினுக்கு ஏன் தெரியலைன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பந்திக்கு உப்பு போட மறந்துட்டேன், அந்த யோசனையில."

"உங்க பந்தியில உப்பு இல்லையா!" என்றான் கலீம்.

"ரசத்துல மட்டும். வெளியில சொல்லிடாதேடா."

இலை எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, கடையும் கேட்கவில்லை. ஈரச் சாக்கைத் தூக்கி மிச்சக் கட்டுகளைப் பார்த்தார். ஓர் இலையை உருவி, நரம்பை விரலால் தடவிவிட்டுத் திரும்ப வைத்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பினார். ஸஹ்ரா அவர் முதுகையே பார்த்தாள். பேசாமல் இறங்கிப் போய்விடுவாரா?

இரண்டு எட்டு வைத்து நின்றார்.

"வரேன் பாய். போயிட்டு வரேம்மா."

"வாங்க அழகிரி" என்றார் பரக்கத் அலி. மோடாவைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

அழகிரியின் வெள்ளை வேட்டி கூட்டத்துக்குள் மறைந்தது. கடை போனில் அடுத்த குரல் செய்தி வந்து விழுந்தது. கலீமின் கைகள் ஈரமாக இருந்தன. எடுக்கலாமா என்பது போல அத்தாவைப் பார்த்தான்.

"நீ கட்டை இறக்கு" என்றார் பரக்கத் அலி. "அதை அக்காகிட்டக் கொடு."